பொரி வல்லூறு ஏன் நகரத்து மாடிகளில் முட்டையிடுகிறது?

ஏப்ரல், மே வந்தால் லண்டன், நியூயார்க் நகரங்களிலிருந்தும், அக்டோபர் வாக்கில் மெல்போர்னிலிருந்தும் ஒரே மாதிரியான நேரலைக் காட்சிகள் நம் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. உயரமான கட்டடத்தின் விளிம்பு. அதில் சரளைக்கல் பரப்பிய தட்டு. வெள்ளைத் தூவி மூடிய மூன்று நான்கு குஞ்சுகள். தாய்ப்பறவை இறகு பிடுங்கிய புறாவைக் காலால் அழுத்திக்கொண்டு, சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து ஊட்டுகிறது.

பார்க்கிற பலருக்கும் முதலில் வருவது வருத்தம்தான். காட்டை அழித்துவிட்டோம், போக்கிடம் இல்லாமல் நகரத்தில் வந்து ஒண்டியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். யானையும் சிறுத்தையும் ஊருக்குள் வரும் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் பொரி வல்லூறின் கதை வேறு. காடு சுருங்கியதால் அது மாடிக்கு வரவில்லை. பூச்சிமருந்து அதைக் கிட்டத்தட்ட ஒழித்துக்கட்டியது. பிறகு பல ஆண்டு உழைப்பில் மீண்டு வந்தபோது, பல இடங்களில் நகரம்தான் அதற்கு வசதியாக இருந்தது. இதை அடியிலிருந்து பார்த்தால்தான் இன்று அந்தப் பறவைக்கு என்ன தேவை, என்ன தேவையில்லை என்பது விளங்கும்.

## இந்தப் பறவை கேட்பது என்ன

பொரி வல்லூறு காக்கை அளவுள்ள வேட்டைப் பறவை. பெண் ஆணைவிடக் கணிசமாகப் பெரியது. பறந்துகொண்டிருக்கும் பறவைகளை வானத்திலேயே அடித்துப் பிடிப்பதுதான் அதன் பிழைப்பு. உயரத்திலிருந்து இறக்கையை ஒடுக்கிக்கொண்டு பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உலகில் இதைவிட வேகமான உயிரினம் இல்லை. அண்டார்க்டிகாவைத் தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது.

அதன் தேவைகள் மிகக் குறைவு.

1. செங்குத்தான உயரம். வேட்டைக்குப் பார்வை எட்ட வேண்டும். நரி போன்ற விலங்குகள் ஏறிவர முடியக்கூடாது.
2. அந்த உயரத்தில் ஒரு தட்டையான விளிம்பு, அதில் கொஞ்சம் மண்ணோ சரளையோ. வல்லூறு குச்சி பொறுக்கிக் கூடு கட்டுவதில்லை. மார்பை அழுத்தி, காலால் பின்னுக்குத் தள்ளி, ஒரு சிறு பள்ளம் பறிக்கும். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகள் இடும்.
3. சுற்றிலும் திறந்த வானம், அதில் போதுமான பறவைகள்.

இந்தப் பட்டியலில் மரமும் இல்லை, காடும் இல்லை. இயற்கையில் இதைக் கொடுப்பது மலைப்பாறை. நகரத்தில் கொடுப்பது தேவாலயக் கோபுரம், பாலத்தூண், மின் நிலையப் புகைபோக்கி, அலுவலக மாடி. வல்லூறின் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், இரண்டாவது தேவையைத் தவிர. கான்கிரீட் விளிம்பில் சரளை கிடையாது. முட்டை உருண்டுவிடும், இல்லையென்றால் மழைநீரில் ஊறிக் கெட்டுப்போகும். நகரத்து வல்லூறுகளின் வரலாற்றில் இந்தச் சரளைத் தட்டு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான்.

கனடாவின் மான்ட்ரியலில் சன் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் கட்டடத்தில் 1936இலேயே ஒரு ஜோடி தங்கியது. முட்டைகள் நிலைக்கவில்லை. 1940 வாக்கில் சரளை நிரப்பிய தட்டு ஒன்றை விளிம்பில் வைத்துக் கொடுத்தார்கள். அதன்பின் 1952 வரை அங்கே இருபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. ஐம்பது ஆண்டுகள் கழித்து மெல்போர்னிலும் இதே கதை. 367 காலின்ஸ் தெருவிலுள்ள அலுவலகக் கட்டடத்தில் 1991இல் ஒரு வல்லூறு உலோக வாய்க்காலில் முட்டையிட்டது; அவை பொரிக்கவில்லை. பெட்டி வைத்துக் கொடுத்ததும் குடும்பம் நிலைத்தது. இன்று உலகம் பார்க்கும் நேரலைகளில் அதுவும் ஒன்று.

ஆக, மாடியில் வல்லூறு என்பது நேற்று முளைத்த விஷயமில்லை. இடையில் ஒரு பெரிய இடைவெளி விழுந்தது. கதையின் முக்கியமான பகுதி அந்த இடைவெளிதான்.

## டி.டி.டி. செய்த வேலை

டி.டி.டி. என்ற வேதிப்பொருள் பூச்சியைக் கொல்லும் என்பதை சுவிட்சர்லாந்தின் பவுல் முல்லர் 1939இல் கண்டறிந்தார். டைபஸ், மலேரியா பரப்பும் பூச்சிகளை அது ஒழித்ததால் 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. போர் முடிந்ததும் அதே மருந்து வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் போனது.

சிக்கல் என்னவென்றால், டி.டி.டி. எளிதில் சிதைவதில்லை. உடலுக்குள் போனால் டி.டி.இ. என்ற பொருளாக மாறிக் கொழுப்பில் தங்கிவிடும். ஒரு பூச்சியில் அது துளிதான். அப்படிப் பல பூச்சிகளைத் தின்ற குருவியில் அதைவிட அதிகம். அப்படிப்பட்ட பறவைகளையே நாள்தோறும் தின்னும் வல்லூறின் உடலில் மிக மிக அதிகம். உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக நஞ்சு இப்படிச் செறிவதை உயிர்ப்பெருக்கம் என்பார்கள்.

டி.டி.இ. தாய்ப்பறவையைப் பெரும்பாலும் கொல்லவில்லை. முட்டை ஓடு உருவாகும் சுரப்பியில் கால்சியம் சேர்வதைத் தடுத்தது. ஓடு மெலிந்தது. தாய் அடைகாக்க உட்கார்ந்ததும் அதன் எடை தாங்காமல் முட்டை நொறுங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் ஆரோக்கியமான ஜோடி பாறையில் உட்கார்ந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரு குஞ்சுகூட வராது. அதனால்தான் அழிவு வெகுநாள் யார் கண்ணிலும் படவில்லை. பிரிட்டனில் இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது. 1950களின் நடுவில் விதைகளுக்குப் பூசிய டைல்டிரின், ஆல்டிரின் ஆகிய மருந்துகள் வளர்ந்த பறவைகளையே நேராகக் கொன்றன.

இது வெளியே வந்த விதம் தனியாகச் சொல்ல வேண்டியது. 1960 வாக்கில் பிரிட்டனின் பந்தயப் புறா வளர்ப்போர், வல்லூறுகள் பெருகித் தங்கள் புறாக்களைக் கொல்கின்றன, சட்டப் பாதுகாப்பை நீக்குங்கள் என்று அரசிடம் முறையிட்டார்கள். உண்மையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் பொறுப்பு டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆய்வாளரிடம் வந்தது. 1961இல் தொடங்கிய கணக்கெடுப்பு எதிர்பாராத விடையைத் தந்தது. வல்லூறுகள் பெருகவில்லை, வேகமாக மறைந்துகொண்டிருந்தன. பல கூடிடங்களில் உடைந்த முட்டைகள் கிடந்தன.

அப்புறம் அவர் செய்ததுதான் சாமர்த்தியம். பிரிட்டனில் காட்டுப்பறவைகளின் முட்டைகளைச் சேகரித்து, உள்ளே இருப்பதை வெளியேற்றி, தேதி எழுதிப் பெட்டிகளில் அடுக்கி வைக்கும் பழக்கம் பல தலைமுறைகளாக இருந்தது. பறவைகளுக்கு அது கேடுதான். ஆனால் அந்தப் பெட்டிகளில் இருந்த ஓடுகளை எடைபோட்டு ஆண்டுவாரியாக ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. 1947ஐ ஒட்டி ஓட்டின் எடை சட்டெனச் சரிந்திருந்தது. அதற்கு முந்தையதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டி.டி.டி. பரவலாகப் புழக்கத்துக்கு வந்த காலமும் அதுதான். 1967இல் இந்த முடிவு வெளியானது.

அமெரிக்காவில் நிலைமை இன்னும் மோசம். 1964இல் கிழக்கு மாநிலங்களில் 133 பழைய கூடிடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்றில்கூட வல்லூறு இல்லை. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இனப்பெருக்கம் முற்றாக நின்றுபோயிருந்தது. 1970இல் அழியும் இனப் பட்டியலில் வல்லூறு சேர்க்கப்பட்டது. 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. 1975இல் வட அமெரிக்கா முழுவதும் அறியப்பட்டிருந்தவை 324 இனப்பெருக்க ஜோடிகள் மட்டுமே.

## திரும்பி வந்த இரண்டு வழிகள்

மருந்தை நிறுத்தினால் பறவை தானாகத் திரும்பிவிடுமா? பக்கத்தில் மிச்சம் இருந்தால் திரும்பும். பிரிட்டனில் ஸ்காட்லாந்து மலைகளில் கொஞ்சம் தப்பியிருந்தன. 1960களிலிருந்து மருந்துகளைக் கட்டுப்படுத்தியதும் அவை மெல்லப் பெருகின. முதலில் பழைய பாறைகள் நிறைந்தன. பிறகு கைவிடப்பட்ட கல்குவாரிகள். அப்புறம்தான் தேவாலயங்களும் நகரங்களும். பெரும்பாலும் யாரும் கொண்டுபோய் விடவில்லை, தாங்களாகவே வந்தன. டெர்பி பேராலயத்தில் 2006இல் தட்டு வைத்தார்கள். லண்டனில் டேட் மாடர்ன் கலைக்கூடத்தின் பழைய புகைபோக்கி வல்லூறு பார்ப்பதற்கான இடமாகவே பெயர் பெற்றது. 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரிட்டனிலும் அதைச் சேர்ந்த தீவுகளிலுமாக ஏறத்தாழ 1,769 ஜோடிகள்.

கிழக்கு அமெரிக்காவில் மிச்சமே இல்லை. அங்கே கையால் வளர்த்து விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் டாம் கேட் 1970இல் பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். வல்லூறுகளைப் பழக்கி வேட்டையாடும் கலைஞர்கள் தங்களிடம் இருந்த பறவைகளைக் கொடுத்தார்கள். அவர்களுடைய பட்டறிவு இல்லாமல் கூண்டில் இனப்பெருக்கம் நடந்திருக்காது.

குஞ்சுகளை வெளியே விட்ட முறை இது. ஐந்து வார வயதுக் குஞ்சுகளை, முன்பக்கம் கம்பி போட்ட பெட்டியில் வைத்து, உயரமான கோபுரத்திலோ பாறையிலோ வைப்பார்கள். உணவை ஒரு குழாய் வழியாக உள்ளே தள்ளுவார்கள். கொடுக்கும் ஆளைக் குஞ்சு பார்க்கக்கூடாது, பார்த்தால் மனிதனைப் பெற்றோராக எண்ணிவிடும். சில நாள் அந்த இடத்தைப் பார்த்துப் பழகியதும் கம்பி திறக்கப்படும். பறக்கப் பழகி, தானே வேட்டையாடும்வரை பல வாரங்கள் பெட்டியில் உணவு கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இங்கேதான் நகரம் உள்ளே வருகிறது. தொடக்கத்தில் பழைய பாறைகளில் விட்ட இளம் பறவைகளைக் கொம்பு ஆந்தைகள் இரவில் அடித்துக் கொன்றன. காக்கப் பெற்றோர் இல்லை. அதனால் ஆந்தைகள் குறைந்த கடலோரச் சதுப்பில் கோபுரங்கள் எழுப்பியும் நகரத்து உயர்ந்த கட்டடங்களிலும் விடத் தொடங்கினார்கள். இரையும் அங்கே ஏராளம். அப்படி வளர்ந்த பறவைகள், முட்டையிடும் வயது வந்ததும், தாம் வளர்ந்தது போன்ற இடத்தையே தேடின. பாறையைப் பார்த்தே அறியாத தலைமுறை உருவாகியது. நகரத்து வல்லூறு என்ற ஒன்று பெருகியதற்குப் பெரிய காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. கட்டடம் பாறைபோல இருந்தது வாய்ப்பைக் கொடுத்தது. மனிதர்கள் எடுத்த முடிவு அதை நடத்திக்காட்டியது.

பால்டிமோரில் ஸ்கார்லெட் என்று பெயரிட்ட பெண் வல்லூறு இதன் முதல் அடையாளங்களில் ஒன்று. 1970களின் இறுதியில் அது நகர மையத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனக் கட்டடத்தின் 33ஆவது மாடி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. துணை சரியாக அமையாத ஆண்டுகளில் கூண்டில் பொரித்த குஞ்சுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தன் குஞ்சாகவே வளர்த்தது. 1984இல்தான் காட்டு ஆணோடு சேர்ந்து சொந்தக் குஞ்சுகளை வளர்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1983இல், நியூயார்க்கின் வெராசானோ, த்ராக்ஸ் நெக் பாலங்களில் ஜோடிகள் முட்டையிட்டன. பென்சில்வேனியாவின் தலைநகர் ஹாரிஸ்பர்கில், டி.டி.டி.யின் தீமையை 1962இல் உலகுக்கு எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சனின் பெயர் தாங்கிய அரசுக் கட்டடத்திலேயே வல்லூறுகள் பல ஆண்டுகளாகக் குஞ்சு பொரிக்கின்றன.

வட அமெரிக்காவில் மொத்தம் 6,000க்கும் மேற்பட்ட பறவைகள் இப்படி விடப்பட்டன. 1999 ஆகஸ்டில் பொரி வல்லூறு அழியும் இனப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

## நகரம் உண்மையில் நல்ல இடமா?

முட்டை, குஞ்சு எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ஆம். பிரிட்டனில் நகரத்து ஜோடிகள் கிராமப்புற ஜோடிகளைவிட அதிகக் குஞ்சுகளை வளர்க்கின்றன. இரை குறைவதில்லை, சில மலைப்பகுதிகளில் இன்றும் நடக்கும் சட்டவிரோதக் கொலைகள் நகரத்தில் குறைவு.

நகரம் அதன் பழக்கத்தையும் மாற்றியிருக்கிறது. தெருவிளக்கு வெளிச்சம் வானத்தில் பட்டுக் கீழிருந்து ஒளிர்வதால், இரவில் வலசை போகும் பறவைகளின் அடிப்பக்கம் தெரிகிறது. பகல் வேட்டைக்காரனான வல்லூறு இரவிலும் வேட்டையாடப் பழகிவிட்டது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைச் சுற்றி இது பதிவாகியிருக்கிறது. டெர்பி கேமராவில் நள்ளிரவில் மரக்கோழி உள்ளானைத் தூக்கிக்கொண்டு வருவதையே பார்த்தார்கள். பிரிஸ்டல், பாத், எக்ஸிடர் நகரங்களில் சேகரித்த இரை மிச்சங்களில், பகலில் கண்ணில் படாத நீர்ப்பறவைகள்கூட இருந்தன. எண்ணிக்கையில் புறா பாதிக்கும் குறைவு.

இது இன்னொரு நம்பிக்கைக்கும் விடை சொல்கிறது. வல்லூறு வந்தால் புறாத் தொல்லை ஒழியும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஒழியாது. ஒரு ஜோடி தன் எல்லைக்குள் இன்னொரு ஜோடியை விடாது. ஆகவே ஒரு பகுதிக்கு ஒரு குடும்பம்தான். புறாவோ ஆண்டுக்குப் பல முறை குஞ்சு பொரிக்கும். புறா எத்தனை இருக்கும் என்பதை முடிவு செய்வது நாம் போடும், சிந்தும் உணவு. உண்மையில் கயிறு எதிர்ப்பக்கமும் இழுக்கிறது. 2020இல் ஊரடங்கின்போது லண்டன் வல்லூறுகள் வழக்கத்தைவிடக் குறைவாகப் புறாவையும், அதிகமாக மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங்கையும் பச்சைக்கிளியையும் பிடித்தன. கேமராவில் பதிவான இரைகளைக் கணக்கிட்டு கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இதைச் சொன்னார்கள். தெருவில் ஆள் இல்லை, சிந்திய உணவு இல்லை, புறா வேறு இடம் தேடிப் போனது. வல்லூறின் சாப்பாடு நம் நடமாட்டத்தோடு அவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது.

ஆபத்துகளும் உண்டு.

1. முதல் பறத்தல். ஏறத்தாழ ஆறு வாரத்தில் குஞ்சு விளிம்பை விட்டுத் தாவும். பாறையில் தவறினால் கீழே இன்னொரு விளிம்பு இருக்கும். நகரத்தில் கண்ணாடிச் சுவர், அதற்குக் கீழே சாலை. அந்த வாரத்தில் தன்னார்வலர்கள் தெருவில் காத்திருந்து, தரையில் இறங்கிவிட்ட குஞ்சை எடுத்து மாடியில் விடுவது பல நகரங்களில் வழக்கம். எங்கே வளர்ந்தாலும் பாதிக்கும் மேற்பட்டவை முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை.
2. நோய். புறாவிடமிருந்து தொண்டைப்புண் நோய் தொற்றும். அண்மைய ஆண்டுகளில் பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சல், வாத்தையும் கரைப்பறவையையும் தின்னும் வல்லூறுகளையும் கொன்றிருக்கிறது. இப்போதைக்கு மிகக் கவலைப்பட வேண்டியது இதுதான்.
3. வேதிப்பொருள். டி.டி.டி. போனாலும், மெத்தை, மின்னணுப் பொருள்களில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் சில சேர்மங்கள் கலிஃபோர்னியா நகரத்து வல்லூறு முட்டைகளில் அதிக அளவில் காணப்பட்டன.

ஒரு ஜோடியில் ஒன்று செத்துவிட்டால் என்ன ஆகும்? 2022 மார்ச் 31 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், பல்கலைக்கழக மணிக்கூண்டில் வாழ்ந்த கிரின்னெல் என்ற ஆண் வல்லூறு தெருவில் இறந்து கிடந்தது. கூட்டில் முட்டைகள் இருந்தன. சில மணி நேரத்திலேயே புதிய ஆண் ஒன்று வந்து சேர்ந்தது, அடைகாக்கவும் உட்கார்ந்தது. இடம் கிடைக்காமல் காத்திருக்கும் வளர்ந்த பறவைகள் சுற்றுப்புறத்தில் இருந்தால்தான் இது நடக்கும். ஜோடிகளை மட்டும் எண்ணினால் இந்தக் காத்திருக்கும் கூட்டம் கணக்கில் வராது. பறவைக் காய்ச்சல் போன்ற ஒன்று முதலில் கரைப்பது இதைத்தான். கூடிடங்கள் நிறைந்தே தெரியும், உள்ளிருப்பு வற்றியிருக்கும்.

## கட்டடக்காரர்களுக்கு இதனால் என்ன?

பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி, முட்டையும் குஞ்சும் இருக்கும்போது வல்லூறைத் தொந்தரவு செய்வதே குற்றம். கண்ணாடி துடைக்கக் கயிறு கட்டுவது, வண்ணம் பூசுவது எல்லாவற்றையும் அந்த மாதங்களுக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய கட்டுமானம் என்றால் மாற்று இடம் முன்பே தயாராக வேண்டும்; லண்டனின் பேட்டர்சீ மின் நிலையத்தைப் புதுப்பித்தபோது வல்லூறுகளுக்கென்று தனிக் கோபுரம் அமைத்துப் பெட்டி வைத்தார்கள். மற்றபடி செலவு என்று பார்த்தால் ஒரு தட்டு, வடிகால் துளை, இரண்டு கூடை சரளை.

## நம் ஊரில் தெரிவது எது?

நம்மிடம் இரண்டு வகை உண்டு. ஒன்று ஷாஹீன். இந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுவதும் இருக்கும் கருமையான முதுகும் செம்பழுப்பு வயிறும் கொண்ட துணையினம். மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்துப் பாறைகளிலும், இலங்கையில் சிகிரியா பாறையிலும் இதைக் காணலாம். இன்னொன்று யூரேசியாவின் வடகோடித் தூந்திராவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் வெளிர்நிறப் பறவை. பள்ளிக்கரணை போன்ற சதுப்புகளைச் சுற்றி, கைபேசிக் கோபுரத்திலோ உயர்ந்த கட்டடத்திலோ உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான். கோடை தொடங்கும்போது வடக்கே போய்விடும். ஆகவே டிசம்பரில் உங்கள் அடுக்குமாடி விளிம்பில் ஒன்று உட்கார்ந்திருந்தால் அது முட்டையிட வரவில்லை. உயரத்திலிருந்து வேட்டை பார்க்கிறது, அவ்வளவுதான். பெட்டி வைக்கவோ உணவு வைக்கவோ வேண்டியதில்லை.

பொரி வல்லூறு இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். டி.டி.டி.யை இந்தியா 1989இல் வேளாண்மையில் தடை செய்தது. கொசு, மணல் ஈ ஒழிப்புக்கு மட்டும் அரசின் கையில் அதன் பயன்பாடு அதன்பிறகும் தொடர்ந்தது. ஷாஹீன்களின் முட்டை ஓட்டைத் தொடர்ந்து அளந்து பார்க்கும் வேலை இங்கும் நடக்க வேண்டும் என்று கேட்பதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.